முறையிடுவதும் விசுவாசமே

துன்பம் நேர்ந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “அழாதேயுங்கள்; விசுவாசமாயிருங்கள்; ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.” நல்லெண்ணத்திலிருந்து பிறக்கும் வார்த்தை அது, அதில் சத்தியமும் இருக்கிறது. ஆயினும், வேலையை இழந்து வாடகை பாக்கியோடு திகைத்து நிற்கும் குடும்பத் தலைவரும், படுக்கையில் விழுந்த மாமியாரையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் அலுவலக வேலையையும் ஒருங்கே தாங்கி வரும் பெண்ணும், வளர்ந்த மகனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த முதியவரும் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்கையில், கண்ணீர் விடுவது விசுவாசக் குறைவு என்றும், மனம் கலங்குவது தேவனுக்கு விரோதமான அபராதம் என்றும் எண்ணத் தலைப்பட்டு, ஏற்கெனவே சுமக்கும் துயரத்தின்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து யாராவது நலம் விசாரித்தால் “ஸ்தோத்திரம், நன்றாயிருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு, வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு.

அவர்களுக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இதில் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. துயரத்தை மறைக்காமல் தேவனிடத்தில் முறையிடுவது விசுவாசத்தின் செயலேயாகும். அவ்வாறு முறையிட்டபின் உணவு, உறக்கம், அன்றாடக் கடமை, உற்ற துணை, தேவையெனில் மருத்துவம் என்று அவர் தந்திருக்கும் சாதாரண வழிகளை வெட்கமின்றிக் கைக்கொள்வதும் அந்த விசுவாசத்தின் தொடர்ச்சியே.

1. வேதம் காட்டும் வழி

சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளும் புலம்பல்களுமாகும். துதிப்பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பாடிப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். எருசலேம் ஆலயத்தில் திரளான ஜனங்கள் கூடி ஆராதித்த காலத்திலேயே, தேவன் தங்களை மறந்துவிட்டாரோ என்று வினவும் பாடல்களும், சத்துருக்கள் சிரிக்கிறார்களே என்று கதறும் பாடல்களும், கண்ணீரே இரவும் பகலும் ஆகாரமாயிற்று என்று சொல்லும் பாடல்களும் ஆராதனைக்கு உரியவையாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன. 88-ஆம் சங்கீதமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, நம்பிக்கை ஒளி வீசும் முடிவுரை எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட பாடலும் பரிசுத்த வேதாகமத்தில் இடம் பெற்றிருப்பது, விடியல் தெரியாத இரவிலும் மனிதன் தேவனோடு பேசலாம் என்பதற்கு அத்தாட்சியாகும்.

யோபுவின் சரித்திரம் இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. பிள்ளைகளையும் செல்வத்தையும் சரீர சுகத்தையும் இழந்த அவர், தாம் பிறந்த நாளையே சபித்து, தேவனோடு வழக்காட விரும்புவதாகச் சொல்லி, அத்தியாயம் அத்தியாயமாக முறையிட்டார். அவருடைய நண்பர்களோ தேவனுடைய நீதியைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, உன் பாவத்தால்தான் உனக்கு இது வந்தது என்று சாதித்தார்கள். இறுதியில் தேவன் பேசியபோது, சிருஷ்டியின் மகத்துவத்தைக் காட்டி யோபுவைத் தாழ்மைக்குள் நடத்தியது உண்மையே. ஆனாலும் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவர் யோபுதான் என்றும், நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் அவரே தீர்ப்புரைத்தார். முறையிட்டவர் அங்கீகாரம் பெற்றார்; முறையீட்டை அடக்கப் பார்த்தவர்கள் அவருடைய மன்றாட்டினாலேயே மன்னிப்புப் பெற வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் ஆண்டவருடைய முன்மாதிரி இருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் அவர் தம்முடைய துக்கத்தை மறைக்கவில்லை. மரணத்துக்கு ஏதுவான துக்கம் தமக்கு உண்டாயிற்று என்று மூன்று சீஷர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டு, ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை பிதாவினிடத்தில் வைத்தார். சிலுவையில் தொங்கியபோது அவர் எடுத்தாண்டது 22-ஆம் சங்கீதத்தின் முறையீட்டையே. குமாரனே கலங்கவும் கதறவும் செய்த உலகத்தில், கலங்காதிருப்பதுதான் பக்தி என்று நம்மேல் நாமே சட்டம் விதித்துக்கொள்வது எவ்வளவு தவறு!

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். தலைச்சுமையோடு நடந்து வரும் வழிப்போக்கர், இறக்கிவிடவும் மறுபடி தூக்கிவிடவும் வேறொருவர் உதவியின்றி, தோளளவு உயரத்தில் நிற்கும் அந்தக் கல்லின்மேல் பாரத்தைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கி, பின் அதே சுமையை எடுத்துக்கொண்டு நடப்பார். முறையீடாகிய ஜெபமும் அத்தகையதே. அது பெரும்பாலும் சுமையை மாயமாய் மறையச் செய்வதில்லை. ஆனால் சுமையினின்று விலகி நிமிர்ந்து நிற்கும் ஒரு நேரத்தை நமக்குத் தருகிறது. அந்த நேரமே அடுத்த காத தூரத்துக்கு வேண்டிய பலத்தை அளிக்கிறது.

2. முறையிடும் முறை

முறையீட்டுக்கும் முணுமுணுப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முணுமுணுப்பு தேவனைப்பற்றி மற்றவர்களிடம் பேசுகிறது. முறையீடு தேவனிடமே பேசுகிறது. முதலாவது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து மனத்தை மேலும் புண்ணாக்கும். இரண்டாவது ஓர் ஒழுங்கில் முன்னேறும். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் அந்த ஒழுங்கைக் காட்டுகிறது. முதல் இரண்டு வசனங்களில், இன்னும் எத்தனை காலம் என்ற வினா நான்கு முறை எழுகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம் வருகிறது. கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாடலும் பிறக்கின்றன. இடையில் சங்கீதக்காரனுடைய சூழ்நிலை மாறிவிட்டதாக ஒரு சொல்லும் இல்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சத்துரு இன்னும் அங்கேயே இருக்கிறான். பேசியவனுடைய உள்ளம்தான் இடம் பெயர்ந்திருக்கிறது.

இந்த ஒழுங்கைப் பின்பற்றி ஐந்து படிகளாக முறையிடலாம். ஒரு நோட்டுப் புத்தகமும், பதினைந்து நிமிஷத் தனிமையும் போதும். தனி அறை இல்லாத சிறு வீடுகளில், மொட்டை மாடியோ, விடியற்காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முந்திய அடுக்களையோ, பகலில் திறந்திருக்கும் ஆலயத்தின் கடைசி வரிசையோ அதற்கு உதவும்.

முதலாவது, தேவனைப் பெயர் சொல்லி அழையுங்கள். பிதாவே, ஆண்டவரே, மேய்ப்பரே என்று உங்கள் உள்ளத்துக்கு அணுக்கமான பெயரே போதுமானது.

இரண்டாவது, நேர்ந்ததை உள்ளபடி சொல்லுங்கள். ‘கஷ்டமாயிருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கஷ்டம், யாரால், எப்போதிலிருந்து என்று விவரமாகச் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும், அவர்மீதே மனத்தாங்கல் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அவர் அறியாத ஒன்றை நீங்கள் அறிவிக்கப்போவதில்லை.

மூன்றாவது, வேண்டியதைக் கேளுங்கள். ‘எல்லாம் சரியாக வேண்டும்’ என்பதைவிட, இந்த வாரத்துக்கு வேண்டியது இன்னதென்று வரையறுத்துக் கேட்பது நலம். அவ்வாறு கேட்கும்போதே நமக்கு உண்மையில் எது தேவை என்பது நமக்குத் தெளிவாகிறது.

நான்காவது, முன்பு பெற்ற உதவி ஒன்றை நினைவுகூருங்கள். இஸ்ரவேல் ஜனங்கள் செங்கடலை நினைத்ததுபோல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நினைத்துப் பார்க்க ஒரு கரை இருக்கும்.

ஐந்தாவது, நம்புகிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லி முடியுங்கள். அன்று அதைச் சொல்ல நா எழவில்லையென்றால், ‘நம்ப விரும்புகிறேன், என் அவநம்பிக்கை நீங்க உதவும்’ என்றாவது சொல்லுங்கள். நோயுற்ற மகனை இயேசுவினிடத்தில் கொண்டுவந்த தகப்பனும் ஏறத்தாழ அவ்வளவுதான் சொன்னான்; அவனுடைய மகன் சுகமடைந்தான்.

உதாரணமாக, ஒரு தகப்பனுடைய முறையீடு இவ்வாறு அமையலாம்: “பிதாவே, என் மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். நீரும் மௌனமாயிருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. அது எனக்கு மிகவும் வேதனையாயிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழியைக் காட்டும். வழி அடைபட்டால், அவள் முன் உடைந்து போகாமல் உண்மையைச் சொல்லும் பலத்தைத் தாரும். என் தகப்பனார் மறைந்த ஆண்டில் எங்களைப் பட்டினி கிடக்க விடவில்லையே நீர்; இன்றும் எங்களோடு இருக்கிறீர் என்று நம்புகிறேன்.” இதில் அலங்காரம் எதுவுமில்லை, ஆனால் ஐந்து படிகளும் இருக்கின்றன.

3. சரீரத்தை மறவாதிருங்கள்

மனோவியாகுலம் மனத்தோடு நிற்பதில்லை. அபாயம் நேரும்போது ஓடவும் எதிர்க்கவும் சரீரத்தை ஆயத்தப்படுத்தும் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள், அபாயம் நாட்கணக்கில் நீங்காதபோது தாமும் ஓயாமல் சுரந்து, நெஞ்சுப் படபடப்பையும், செரியாமையையும், நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் வழக்கத்தையும், சிறு சொல்லுக்கும் சினந்தெழும் சுபாவத்தையும் உண்டாக்குகின்றன. இவற்றை ஆவிக்குரிய பின்மாற்றம் என்று தவறாக எண்ணி வருந்துகிறவர்கள் பலர்.

எலியா தீர்க்கதரிசியின் அனுபவம் இங்கே நமக்குப் பெரிய பாடமாகும். கர்மேல் பர்வதத்தில் பெரிய வெற்றி கண்டபின், யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பெயெர்செபாவுக்கு ஓடி, அங்கே தம் வேலைக்காரனையும் விட்டுவிட்டு, தன்னந்தனியே வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் செய்து, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அதற்கு வானத்திலிருந்து கண்டனம் எதுவும் வரவில்லை, பிரசங்கமும் வரவில்லை. தூதன் ஒருவன் அவரைத் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடும்படி சொன்னான். அவர் புசித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து அவ்வாறே செய்தான். பேச்சும் உபதேசமும் கட்டளையும் ஓரேப் பர்வதத்தில் பின்னர்தான் வந்தன. உணவும் உறக்கமும் முதலில், விளக்கம் பிறகு என்னும் இந்த வரிசையைத் தேவனே வகுத்திருக்கிறார்.

அப்போஸ்தலனாகிய பவுலும் இவ்வாறே செய்தார். ரோமாபுரிக்குச் செல்லும் கப்பல் புயலில் சிக்கி, அதிலிருந்த 276 பேரும் பதினான்கு நாட்களாகச் சரியாக உண்ணாமல் தத்தளித்தபோது, கைதியாயிருந்த அவர் எழுந்து நின்று, பிழைத்துக்கொள்வதற்கு ஆகாரம் அவசியம் என்று வற்புறுத்தி, எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் செய்து, தாமே முதலில் புசித்தார். அதைக் கண்டு மற்றவர்களும் தைரியமடைந்து உண்டார்கள்.

ஆகையால், நெருக்கமான நாட்களில் மூன்று வேளையும் சிறிதளவாவது உண்பதையும், குறித்த நேரத்தில் விளக்கை அணைத்துப் படுப்பதையும், படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாதிருப்பதையும், மாலையில் அரை மணி நேரம் நடப்பதையும் பக்தி முயற்சிகளாகவே எண்ணிச் செய்யுங்கள். உபவாச ஜெபத்தையும் முழு இரவு ஜெபத்தையும் குறித்து இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சுகமாயிருக்கிற சரீரத்துக்கு அவை நற்பயிற்சிகளே. ஆனால், ஏற்கெனவே பல நாட்கள் ஊண் உறக்கமின்றித் தளர்ந்திருப்பவரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவரும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் அவற்றை மேற்கொள்ளலாகாது. சூரைச்செடியின்கீழ்க் கிடந்தவருக்குத் தேவன் அனுப்பியது அப்பமே என்பதை நினைவில் வையுங்கள்.

4. அன்றன்றைய பங்கு

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட மன்னா ஒரு நாளுக்குரிய அளவே கொடுக்கப்பட்டது. ஓய்வுநாளுக்காகச் சேர்த்தது நீங்கலாக, மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. நம் ஆண்டவர் கற்பித்த ஜெபத்திலும் அன்றன்றுள்ள ஆகாரமே கேட்கப்படுகிறது. கவலை என்பது நாளைய பாரத்தை இன்றைய பலத்தால் தூக்க முயல்வதாகையால், அது எப்போதும் பற்றாக்குறையிலேயே முடிகிறது. ஆயினும், நாளைக்காகக் கவலைப்படாதிருப்பதும் நாளைக்காக ஆயத்தமாகாதிருப்பதும் ஒன்றல்ல. இதை விளங்கிக்கொள்ள எலிசா காலத்து விதவையின் சரித்திரம் உதவும்.

அவளுடைய புருஷன் கடனோடு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்தான். அவள் முதலில் செய்தது, வெட்கத்தை விட்டு எலிசாவினிடத்தில் முறையிட்டது. தீர்க்கதரிசியோ உடனே அற்புதம் செய்யாமல், வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு குடம் எண்ணெய் மட்டுமே இருந்தது. அயல்வீட்டாரிடத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். அவளும் பிள்ளைகளும் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பாத்திரங்கள் நிறைந்தபின், எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கவும் மீதியைக்கொண்டு ஜீவனம் பண்ணவும் அவர் ஆலோசனை சொன்னார். முறையிடுதல், இருப்பைக் கணக்கிடுதல், அயலாரின் உதவியைப் பெறுதல், குடும்பமாக உழைத்தல், கடனை முதலில் தீர்த்தல் என்று எத்தனை நடைமுறை ஞானம் அந்த ஏழு வசனங்களில் அடங்கியிருக்கிறது!

பணக்கஷ்டத்தில் இருப்பவர் இதையே பின்பற்றலாம். யாருக்கு எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதியில் தவணை என்று ஒரே தாளில் எழுதி, வாழ்க்கைத் துணைக்கு அதைக் காட்டுங்கள். கணவன் மனைவியரிடையே மறைக்கப்படும் கடன், தொகையைவிட அதிகமாகக் குடும்பத்தை அழிக்கிறது. வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கத் திட்டமிடுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று நெருக்குகிறவர்களுக்கு அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை; அவற்றைக் குற்றமாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது; காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுப்பது விசுவாசத்துக்கு முரணான செயலன்று. பவுலும் தமது ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டி இராயனுக்கு அபயமிட்டவரே.

ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதியில் இன்று என்னால் செய்யக்கூடியவற்றையும், மறுபாதியில் என் கைக்கு எட்டாதவற்றையும் எழுதுங்கள். முதல் பாதியிலிருந்து மூன்றை மட்டும் தேர்ந்து செய்யுங்கள். மறுபாதியை ஜெபத்தில் வாசித்து அவரிடம் ஒப்புவியுங்கள். இரவில் அதே கவலை திரும்பி வந்தால், ‘இதை ஒப்புவித்தாயிற்று’ என்று சொல்லிக்கொள்ளத் தாளே சாட்சியாக இருக்கும்.

5. தனியே சுமவாதிருங்கள்

யோபுவின் நண்பர்கள் பிற்பாடு பிழையாகப் பேசினாலும், தொடக்கத்தில் ஒரு காரியத்தைச் செவ்வனே செய்தார்கள்: ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, அவருடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கற்க வேண்டியது அந்த ஏழு நாட்களையே. துயரப்படுகிறவரின் வீட்டுக்குச் சென்றால், ஏன் நேர்ந்தது என்று ஆராயாமல், வேறொருவரின் பெரிய துன்பத்தோடு ஒப்பிட்டுக் காட்டாமல், ஒரு வேளை உணவைச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, மருத்துவமனை வரிசையில் உடன் நின்று உதவுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று கலாத்தியருக்கு எழுதப்பட்ட கட்டளை நிறைவேறுவது இத்தகைய செயல்களிலேதான்.

துன்பப்படுகிறவரோ, நம்பத்தக்க ஒருவரையாவது தெரிந்துகொள்ள வேண்டும். போதகர், உபதேசியார், பெண்கள் ஐக்கிய சங்கத்து மூத்த அக்காள், பள்ளி நாள் நண்பர் என்று யாராயினும், கேட்டதை வெளியில் பரப்பாதவராகவும், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னிலும் சொல்லத் தகாத காரியத்தை அவரிடம் தனியே சொல்லுங்கள்.

இங்கே மனப்பூர்வமாக ஒன்றை வலியுறுத்துகிறேன். அடிக்கும் கணவனோடும், வதைக்கும் வீட்டாரோடும் வாழ்கிற பெண்ணிடம், அது உன் சிலுவை, பொறுமையாய்ச் சும என்று சொல்வது சுவிசேஷமன்று. ஆண்டவர் தம் சிலுவையைத் தாமே மனமுவந்து ஏற்றார். மற்றொருவர் செய்யும் கொடுமையைச் சகிக்கும்படி ஒருவரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. அத்தகையவர் 181 என்னும் பெண்கள் உதவி எண்ணை அழைத்துப் பாதுகாப்பு நாடுவதே முறை. அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பது சபையின் கடமை.

6. வைத்தியமும் தேவனுடைய ஈவே

அமெரிக்க மெதடிஸ்டு ஊழியரான ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1907-இல் லக்னோவுக்கு வந்தார். சில ஆண்டுகளின் ஓயாத உழைப்பில் அவருடைய நரம்புகளும் மனமும் முறிந்தன. ஓய்வுக்காகத் தாயகம் சென்று திரும்பியபின்னும் மீண்டும் தளர்ந்து, ஊழியத்தையே விட்டுவிட நேருமோ என்று கலங்கினார். லக்னோவில் ஓர் இரவு ஜெபத்தில் தம் இயலாமையை அப்படியே ஒப்புவித்ததிலிருந்து புதிய பலம் பெற்று, பல்லாண்டுகள் பல நாடுகளில் உழைத்தார் என்று அவரே சாட்சி கூறியிருக்கிறார். அந்தச் சாட்சி நாம் நன்கறிந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் அதற்குப்பின் அவர் செய்ததை அனேகர் அறியார்கள். ஜெபத்தால் எழுந்து நின்ற அதே மனிதர், 1950-இல் அதே லக்னோவில் நூர் மன்ஸில் என்னும் மனநல மருத்துவ நிலையத்தை நிறுவினார். ஜெபித்தால் போதும், மருந்து வேண்டாம் என்று அவர் முடிவு கட்டவில்லை. தேவன் இரு கைகளாலும் குணமாக்குகிறார் என்று கண்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் விசுவாசமற்றவர் என்று யாரும் சொல்லாதபோது, மனச்சோர்வுக்கு மாத்திரை உண்பவரை மட்டும் அவ்வாறு எண்ணுவதற்கு நியாயம் இல்லை.

பின்வரும் அடையாளங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரைக் காணுங்கள்: எதிலும் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், காரணமின்றி அழுகை வருதல், வழக்கமான வேலையைச் செய்ய இயலாமை, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற ஓயாத எண்ணம். சாக வேண்டும் என்ற நினைவு எழுந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கலாகாது. அக்கணமே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்; 14416 என்னும் எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல ஆலோசனை எந்நேரமும் தமிழில் கிடைக்கும். எலியாவுக்கும் அந்த நினைவு வந்தது. தேவன் அவரைக் கைவிடவில்லை, அவருடைய வேலையும் முடிந்துவிடவில்லை.

7. நீங்காத துன்பம்

எல்லாத் துன்பமும் நீங்கிவிடும் என்று வாக்களிக்க இந்நூலுக்கு உரிமையில்லை. தம் மாம்சத்தில் குத்திய முள்ளை நீக்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற மறுமொழியே வந்தது. இத்தகைய மறுமொழியோடு நம் மண்ணில் வாழ்ந்து காட்டியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தங்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்கும் ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட சிறுமிகளுக்கும் தாயாக விளங்கிய அவரைப் பிள்ளைகள் ‘அம்மா’ என்றே அழைத்தார்கள். 1931-ஆம் ஆண்டு ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்த அவர், 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு அடைபட்டிருந்தார். குணமாகும்படி பலர் ஜெபித்தார்கள், குணம் வரவில்லை.

அந்த அறையில் இருந்தபடியே அவர் பல நூல்களை எழுதினார். அவற்றுள் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்பது, நோயுற்றவர் நோயுற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களாக 1933-இல் வெளியாயிற்று. திடகாத்திரமானவர்கள் படுக்கையில் கிடப்பவர்களுக்கு எழுதும் ஆறுதல் வார்த்தைகள் உள்ளத்தைத் தொடாமற் போவதைத் தம் அனுபவத்திலேயே கண்ட அவர், வலியின் நடுவிலிருந்து எழுதத் துணிந்தார். வலியை அவர் நன்மை என்று புகழவில்லை. அதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. வலியோடிருக்கும் மற்றொருவருக்கு அது பயன்படும்படி மட்டும் செய்தார். நீங்காத துன்பத்தில் நம்மால் கூடியதும் இதுவே: ஏன் என்ற வினாவை முறையீட்டில் தேவனிடம் விட்டுவிட்டு, யாருக்கு உதவலாம் என்ற வினாவை நாம் எடுத்துக்கொள்வது.

8. ஒரு வாரப் பயிற்சி

முதல் நாள், 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக மும்முறை வாசித்து, ஐந்து படிகளில் உங்கள் முறையீட்டை எழுதுங்கள். இரண்டாம் நாள், உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் வகுத்துக் குடும்பத்தாருக்குத் தெரிவியுங்கள். மூன்றாம் நாள், தாளை இரண்டாக மடித்து எழுதும் பழக்கத்தைத் தொடங்குங்கள். நான்காம் நாள், நம்பத்தக்க ஒருவரைச் சந்தித்து உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள், தள்ளிப்போட்டு வந்த கடினமான காரியம் ஒன்றை, அது வைத்தியரைக் காண்பதாயினும், கடன்காரரிடம் பேசுவதாயினும், விண்ணப்பம் எழுதுவதாயினும், ஜெபித்துவிட்டுச் செய்யுங்கள். ஆறாம் நாள், முதல் நாள் எழுதியதை மறுபடி வாசித்து, மாறியது எது, மாறாதது எது என்று குறியுங்கள். மாறாததை மீண்டும் முறையிடுங்கள். ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை வைத்தவர் நம் ஆண்டவர். அவர் சலிப்படைய மாட்டார். ஏழாம் நாள், ஆராதனைக்குச் சென்று, உங்களைப்போலவே பாரம் சுமக்கும் ஒருவரை அடையாளம் கண்டு, அவரருகே சென்று உட்காருங்கள்.

இவ்வாறு ஒரு வாரம் கடந்தபின் துன்பம் தீர்ந்திருக்கலாம், தீராமலும் இருக்கலாம். ஆனால், அதுவரை உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த துயரம் தேவனோடும் மனிதரோடும் பேசப் பழகியிருக்கும். நாம் பெற்ற ஆறுதலினாலே மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணியுள்ளவர்களாகிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஆகையால் அடுத்த ஞாயிறு யாராவது உங்களிடம் நலம் விசாரித்தால், உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் விசாரிக்கும்போது, உண்மையைக் கேட்கும் அளவுக்குப் பொறுமையாய் நில்லுங்கள்.